20 சதவீத வரி போட்டால் 500 டாலர் கன்சோல் 600 டாலர் ஆகுமா?

கேள்வி இதுதான். 2025-இல் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியதும் வீடியோ கேம் கன்சோல்களின், அதாவது கேம் விளையாடுவதற்கென்றே உள்ள பெட்டிகளின், விலையும் ஏறியது. ஆனால் வரி ஏறிய விகிதமும் விலை ஏறிய விகிதமும் எங்கேயும் ஒத்துப்போகவில்லை. 20 சதவீத வரி என்றால் 500 டாலர் பெட்டி 600 டாலர் ஆக வேண்டாமா? ஒரு கம்பெனி 50 டாலர் ஏற்றுகிறது, இன்னொன்று 150 ஏற்றுகிறது, மற்றொன்று பெட்டியைத் தொடாமல், கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர் போன்ற சாமான்களின் விலையை மட்டும் ஏற்றுகிறது. ஏன்? வரி குறைந்தால் விலையும் இறங்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் இறங்காது. அதன் காரணம் புரிய வேண்டுமானால், வரி எதன் மேல் விழுகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடையில் ஒட்டியிருக்கும் விலைக்கும் சுங்க வரிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சரக்கு நாட்டுக்குள் வரும்போது இறக்குமதியாளர் அறிவிக்கும் மதிப்பின் மேல்தான் வரி கணக்கிடப்படுகிறது. கன்சோல் விஷயத்தில் அந்த இறக்குமதியாளர் பெரும்பாலும் அதே கம்பெனியின் உள்நாட்டுக் கிளைதான். வெளிநாட்டில் இருக்கும் தாய்க் கம்பெனி தன் அமெரிக்கக் கிளைக்கு ஒரு விலை போட்டு விற்றதாகக் கணக்கு எழுதும். அந்த விலைதான் வரிக்கு அடிப்படை. அதிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் கப்பல் கூலியையும் காப்பீட்டையும் கழித்துவிட்டு மதிப்பைப் பார்ப்பார்கள். பெரும்பாலான மற்ற நாடுகளில் அவற்றையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடை விலை 500 டாலர். கன்சோலில் கடைக்காரருக்குக் கிடைக்கும் கமிஷன் எப்போதுமே சொற்பம்தான். 5 சதவீதம் என்று வையுங்கள். அப்படியானால் கம்பெனியின் அமெரிக்கக் கிளை கடைக்குக் கொடுக்கும் விலை 475. அந்தக் கிளை தாய்க் கம்பெனியிடம் வாங்கிய விலை 400 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் 75 டாலரில் கிடங்கு, லாரி, விளம்பரம், வாரண்டி, சம்பளம் எல்லாம் அடங்கும். 20 சதவீத வரி அந்த 400-இன் மேல்தான் விழும். ஆக 80 டாலர். அதை அப்படியே வாங்குபவர் தலையில் வைத்து, கடைக்காரரும் தன் 5 சதவீதத்தை விடாமல் எடுத்துக்கொண்டால்கூட விலை 584 டாலர் ஆகும். அதாவது 20 சதவீத வரி, முழுசாகக் கைமாற்றப்பட்டாலும், கடையில் 17 சதவீத உயர்வாகத்தான் தெரியும்.

இன்னும் ஒரு சூட்சுமம் உண்டு. சரக்கு பல கை மாறி வந்திருந்தால், கடைசிக் கை கொடுத்த விலைக்குப் பதிலாக, தொழிற்சாலை முதலில் விற்ற விலையையே மதிப்பாகக் காட்ட அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. மேலே சொன்ன கணக்கில் தொழிற்சாலை விலை 350 என்றால் வரி 70 டாலராகிவிடும். கம்பெனிகள் வக்கீல்களுக்கும் சுங்க ஆலோசகர்களுக்கும் கொட்டிக் கொடுக்கும் பணம் சும்மா இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "வரியைச் சீனா கட்டுகிறது" என்று மேடையில் பேசலாம். சுங்கத்தில் பணம் கட்டிய ரசீதில் இருப்பது இறக்குமதியாளரின் பெயர். அதன்பிறகு அந்தச் சுமையைத் தொழிற்சாலையின் தலையில் எவ்வளவு, தன் தலையில் எவ்வளவு, வாங்குபவர் தலையில் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் மிச்சக் கதை முழுவதும்.

அந்தப் பங்கு பிரிப்பில்தான் கன்சோல் மற்ற பொருள்களிலிருந்து விலகி நிற்கிறது. ஒரு விலை உயர்ந்த கைபேசியில் லாபம் தாராளமாக இருக்கும். வரியில் ஒரு பகுதியைக் கம்பெனி விழுங்கினாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது. கன்சோலில் அந்த இடமே கிடையாது. பெட்டியை அடக்கவிலைக்கோ அதற்குக் கீழேயோ விற்றுவிட்டு, கேமிலும் மாதச் சந்தாவிலும் மற்றவர்கள் விற்கும் கேம்களுக்கான கமிஷனிலும் சம்பாதிப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். 2021-இல் எபிக் என்ற கேம் கம்பெனிக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, தங்கள் எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்று இதுவரை லாபமே பார்த்ததில்லை என்றார். அடுத்த வருடம் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் அப்போதைய தலைவர் ஃபில் ஸ்பென்சர், ஒரு பெட்டிக்கு 100 முதல் 200 டாலர் வரை கைக்காசைப் போடுகிறோம் என்று சொன்னார். சோனியும் டிஸ்க் டிரைவ் உள்ள 499 டாலர் பிளேஸ்டேஷன் 5-இல் நஷ்டம் இல்லாத நிலைக்கு வந்துவிட்டதாக 2021 ஆகஸ்டில்தான் சொன்னது; அதாவது வெளியாகி ஒன்பது மாதம் கழித்து. நிண்டெண்டோ மட்டும் பெட்டியை நஷ்டத்துக்கு விற்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளாத கம்பெனி. அதனால்தான் அதன் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி ஓடும்.

ஏற்கனவே பெட்டிக்கு 100 டாலர் நஷ்டத்தில் இருப்பவரிடம் போய் இன்னும் 80 டாலர் வரி கட்டு என்றால் அவர் என்ன செய்வார்? ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம். விலையை ஏற்றினால் வாங்குபவர் குறைவார்கள்; பெட்டி விற்காவிட்டால் கேமும் விற்காது. ஏற்றாவிட்டால் பங்குதாரர்கள் கேள்வி கேட்பார்கள். 2025 மே மாதம் சோனி, வரியால் அந்த நிதியாண்டில் கிட்டத்தட்ட 10,000 கோடி யென் பாதிப்பு வரும் என்று மதிப்பிட்டது. ஆகஸ்டில் அதை 7,000 கோடி யென்னாகக் குறைத்தது. அது கன்சோலுக்கு மட்டுமல்ல, கேமரா, டிவி எல்லாம் சேர்த்து மொத்தக் கம்பெனிக்கும்.

சரி, இது நடந்த விதத்தைப் பார்ப்போம். இதில் 2019-ஐ விட்டுவிட்டு 2025-ஐப் பேச முடியாது. 2019-இல் சீனப் பொருள்களின் மேல் 25 சதவீத வரி போடும் பட்டியலில் கன்சோலும் இருந்தது. அந்த ஜூன் மாதம் மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ, சோனி மூன்றும் சேர்ந்து அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்துக்கு ஒரு கூட்டுக் கடிதம் எழுதின. பரம வைரிகள் மூவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடுவது சாதாரண விஷயம் இல்லை. முந்தைய வருடம் அமெரிக்காவுக்கு வந்த கன்சோல்களில் 96 சதவீதம் சீனாவில் செய்தவை என்று அந்தக் கடிதம் சொன்னது. கடைசியில் டிசம்பர் 15-ஆம் தேதி அமலாக வேண்டிய அந்தச் சுற்று வரி, இரண்டு நாள் முன்னால் ஒப்பந்தம் ஏற்பட்டதால் நிறுத்தப்பட்டது. ஆனால் கம்பெனிகள் பாடம் கற்றுவிட்டன. நிண்டெண்டோ தன் ஸ்விட்ச் கன்சோலின் தயாரிப்பில் ஒரு பகுதியை வியட்நாமுக்கு மாற்றியது. மைக்ரோசாஃப்டும் பிற்பாடு அதே பக்கம் நகர்ந்தது. வரி வருமோ என்ற பயமே தொழிற்சாலையை நகர்த்தப் போதும். அந்த நகர்த்தலுக்கும் செலவு உண்டு. அது எந்த ரசீதிலும் வரி என்று எழுதப்பட்டிருக்காது.

இப்போது 2025 ஏப்ரல் 2. அமெரிக்க நேரப்படி காலையில் நிண்டெண்டோ, ஸ்விட்ச் 2-ஐ அறிமுகப்படுத்தி 449.99 டாலர் என்று விலை சொன்னது. அன்று மாலையே அமெரிக்க அதிபர் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் வியட்நாமுக்கு 46 சதவீதம் என்று இருந்தது. சீனப் பொருள்களின் மேலான வரிக்குப் பயந்து எங்கே போனார்களோ, அங்கேயே இடி விழுந்தது. இரண்டு நாள் கழித்து நிண்டெண்டோ அமெரிக்க முன்பதிவைத் தள்ளிவைத்தது. ஏப்ரல் 9-இல் வியட்நாம் உட்படப் பெரும்பாலான நாடுகளுக்கு 10 சதவீதம் மட்டும் என்று 90 நாள் இடைவேளை விடப்பட்டது. சீனாவுக்கு மட்டும் ஏறி ஏறி மொத்தம் 145 சதவீதம் ஆனது. நம் கற்பனைப் பெட்டியின் 400 டாலருக்கு 145 சதவீதம் என்றால் வரி மட்டும் 580. பெட்டியைவிட வரி பெரிசு. அந்த நிலையில் விலையேற்றம் என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. கப்பலில் ஏற்றுவதையே நிறுத்திவிடுவார்கள். மே மாதம் அது 30 சதவீதமாக இறங்கியது.

நிண்டெண்டோ ஏப்ரல் 18-இல் முடிவைச் சொன்னது. ஸ்விட்ச் 2 அதே 449.99. ஆனால் புரோ கன்ட்ரோலர் 79.99-இலிருந்து 84.99. பெட்டியை டிவியோடு இணைக்கும் டாக் 109.99-இலிருந்து 119.99. இதில் தந்திரம் ஒன்றும் இல்லை, வியாபாரம்தான். எல்லோரும் ஒப்பிட்டுப் பார்ப்பது பெட்டியின் விலையை. கன்ட்ரோலரின் விலை யாருக்கும் மனப்பாடமாகத் தெரியாது. உபரிச் சாமான்களில் லாபமும் அதிகம். எனவே வலியை அங்கே கொஞ்சம் தூவிவிட்டால் சத்தம் குறைவாக வரும். அதற்கான மரியோ கார்ட் வேர்ல்டு கேம் 80 டாலர் என்றதும் பலர் அதையும் வரிக் கணக்கில் எழுதினார்கள். அது தவறு, ஸ்விட்ச் 2-இன் விலையில் வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று நிண்டெண்டோவின் அமெரிக்கத் தலைவரே சொன்னார். தவிர, டவுன்லோடாக வாங்கும் கேமுக்குச் சுங்கமே கிடையாது. மின்வழிப் பரிமாற்றத்துக்குச் சுங்க வரி போடுவதில்லை என்று உலக வர்த்தக அமைப்பில் 1998-இல் ஏற்பட்ட உடன்பாட்டுக் காலத்திலிருந்து 2025-இலும் அதுதான் நடைமுறையாக இருந்தது.

அடுத்த சில மாதங்களில் வந்த விலையேற்றங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒரு விஷயம் பிடிபடும். மே 1: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499.99-இலிருந்து 599.99, சீரிஸ் எஸ் 299.99-இலிருந்து 379.99. ஆகஸ்ட் 3: எட்டு வருடப் பழைய முதல் ஸ்விட்ச் 299.99-இலிருந்து 339.99. ஆகஸ்ட் 21: பிளேஸ்டேஷன் 5 மாடல்கள் எல்லாவற்றுக்கும் 50 டாலர் கூடுதல். அக்டோபர் 3: எக்ஸ்பாக்ஸ் மறுபடியும், சீரிஸ் எக்ஸ் 649.99, சீரிஸ் எஸ் 399.99.

இதில் எது வரியால் வந்தது? கம்பெனிகள் வாயைத் திறக்கவில்லை. "சந்தை நிலவரம்", "சவாலான பொருளாதாரச் சூழல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் அமேசான் வரித் தொகையைத் தனியாகக் காட்டப்போகிறது என்று செய்தி வந்ததும், வெள்ளை மாளிகை அதைப் பகைமையான அரசியல் செயல் என்று கண்டித்தது. அமேசானும் அப்படி ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் இல்லை என்று பின்வாங்கியது. அதற்குப் பிறகு விலைச்சீட்டில் "வரி" என்ற சொல்லை எழுத யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆனால் அவர்கள் சொல்லாததைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. விலை எந்த நாட்டில் ஏறியது என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸின் மே மாத உயர்வு ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று உலகம் முழுவதும் வந்தது. ஐரோப்பாவில் அமெரிக்க வரி கிடையாது. ஆக அதில் வேறு செலவுகளும் கலந்திருக்கின்றன, அல்லது அமெரிக்க வரியின் பாரத்தை ஊர் முழுக்கப் பங்கு போட்டிருக்கிறார்கள். இரண்டும் கலந்ததாகவே நான் நினைக்கிறேன். அக்டோபர் உயர்வு அமெரிக்காவில் மட்டும். சோனி இதற்கு நேர் எதிர்: 2022 ஆகஸ்டில் ஐரோப்பா, ஜப்பான் உள்ளிட்ட பல சந்தைகளில் பிளேஸ்டேஷன் 5 விலையை ஏற்றியபோது அமெரிக்காவைத் தொடவில்லை, 2025 ஏப்ரலில் ஐரோப்பாவில் மறுபடி ஏற்றியபோதும் தொடவில்லை. அவை பணவீக்கமும் நாணய மாற்று விகிதமும் செய்த வேலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் மட்டும் ஏறிய அந்த 50 டாலரில்தான் வரியின் கைரேகை தெளிவாகத் தெரிகிறது. நம் கற்பனைக் கணக்கோடு ஒப்பிட்டால், 80 டாலர் பாரத்தில் 50-ஐக் கைமாற்றிவிட்டு 30-ஐக் கம்பெனி விழுங்கியது போன்ற ஒரு தோற்றம். உண்மையான உள்கணக்கு அவர்களுக்கே வெளிச்சம்.

விலை என்பது செலவோடு லாபத்தைக் கூட்டி வருகிற எண் என்று நினைப்பவர்களுக்கு ஜப்பான் ஒரு நல்ல பாடம். 2025-இல் அங்கே ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் ஸ்விட்ச் 2 விலை 49,980 யென்னாக இருந்தது. பல மொழிகளில் இயங்குவது 69,980 யென். பெட்டிக்குள் இருக்கும் சாமான் ஒன்றுதான். யென் மதிப்புச் சரிந்திருக்கும்போது உள்ளூர்க்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்கவும், அதை வெளிநாட்டார் அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்கவும் செய்த ஏற்பாடு அது. ஆக, வரி ஒவ்வொரு சந்தையிலும் கம்பெனி போட்டு வைத்திருக்கும் கணக்குக்குள் போய்ச் சேரும் ஒரு எண்தான்.

விலை எப்போது ஏறும் என்பதும் பலரைக் குழப்புகிறது. வரி அமலான நாளுக்கு முன்பே கிடங்கில் இறங்கிய சரக்குக்கு அந்த வரி கிடையாது. அதனால் வரி வரப்போகிறது என்று தெரிந்தால் முந்திக்கொண்டு ஸ்டாக்கைக் குவிப்பார்கள். அது தீரும் வரை பழைய விலையே ஓடும். வரிச் செய்தி வந்து நான்கைந்து மாதம் ஒன்றும் ஆகாததைப் பார்த்து "வரியால் விலை ஏறவில்லை பார்" என்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அப்புறம், வகைப்பாடு. சுங்கப் புத்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. கணினிக்கு 8471. வீடியோ கேம் கன்சோலுக்கு 9504.50, அது பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் இருக்கும் 95-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. உள்ளே இருப்பது புராசஸர், மெமரி, எஸ்எஸ்டி. ஒரு கணினிக்கும் இதற்கும் வன்பொருளில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் 2025 ஏப்ரல் 11-இல் அமெரிக்கா கைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் புதிய வரியிலிருந்து விலக்கு கொடுத்தபோது, எண் வேறு என்பதால் கன்சோல் வெளியே நின்றது. இந்த எண் சண்டை புதிதல்ல. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் ஐரோப்பாவில் கன்சோலுக்கு வரி இருந்தது, கணினிக்கு இல்லை. சோனி தன் பெட்டியைக் கணினி என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி நீதிமன்றம் வரை போனது. ஐரோப்பாவில் பெட்டியோடு வந்த டெமோ டிஸ்க்கில் யாபேசிக் என்று நிரல் எழுதும் மென்பொருள் ஒன்று இருந்தது. வழக்குக்கு வலு சேர்க்கத்தான் அதை வைத்தார்கள் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பார்களோ!

வரி நீண்ட காலம் நிலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலைவிட நல்ல உதாரணம் இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அங்கே கன்சோல் வாங்குபவருக்கு அப்படியே பொருந்தும். 2013-இல் அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, பிரேசிலில் 3,999 ரியால். அன்றைய மதிப்பில் சுமார் 1,800 டாலர். விலையில் பாதிக்கு மேல் வரிகளுக்கே போகிறது என்று சோனி விளக்கம் கொடுத்தது. அங்கே சுங்க வரி மட்டும் தனியாக வருவதில்லை. அதன் மேல் தொழில் உற்பத்தி வரி, சமூக நிதி வரிகள், மாநில வரி என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மாநில வரி, தன் தொகையையும் அடிப்படையில் சேர்த்துக்கொண்டு கணக்கிடப்படுவது. வரிக்கு வரி என்பார்களே, அது இங்கே சொல்லலங்காரம் இல்லை. மதிப்புக் கூட்டு வரி உள்ள மற்ற நாடுகளிலும் சுங்க வரி சேர்ந்த தொகையின் மேல்தான் அடுத்த வரி விழுகிறது. பிரேசிலில் அது உச்சத்துக்குப் போனது, அவ்வளவுதான்.

இந்த வரியின் நோக்கம் உள்நாட்டில் செய்ய வைப்பது. ஓரளவுக்கு நடந்தது என்றும் சொல்ல வேண்டும். மனாஸ் என்ற அமேசான் காட்டு நகரத்தில் வரிச்சலுகை மண்டலம் இருக்கிறது. டெக்டாய் கம்பெனி அங்கே சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் என்ற பழைய கன்சோலைத் தயாரித்து, உலகம் அதை மறந்த பிறகும் பல வருடம் விற்றுக்கொண்டிருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-ஐ 2011-இல் அங்கே பாகங்களைச் சேர்த்துத் தயாரிக்கத் தொடங்கினார்கள். பிளேஸ்டேஷன் 4-உம் 2015-இல் அங்கே வந்ததும் விலை 2,599 ரியாலுக்கு இறங்கியது. இறங்கியும் அது அமெரிக்க விலையைவிட அதிகம்தான். நிண்டெண்டோவோ வரிச்சுமையைக் காரணம் காட்டி 2015 ஜனவரியில் பிரேசில் விற்பனையையே நிறுத்திக்கொண்டது. வரி போட்டால் தொழிற்சாலை வரும் என்பதும், வரி போட்டால் ஆள் ஓடிவிடுவான் என்பதும் ஒரே ஊரில், ஒரே வருடத்தில் உண்மையாயின.

இனி என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் ஏறிய விலையையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இறங்காமல் போன விலையை யாரும் எண்ணுவதில்லை. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-இல் 299 டாலர், 2002-இல் 199, 2009-இல் 99. பிளேஸ்டேஷன் 3 2006-இல் 499, 599 என்று வந்து, மூன்றே வருடத்தில் 299-க்கு வந்தது. வயதாக ஆக மலிவாவதுதான் கன்சோலின் இயல்பு. பொறுத்திருந்து வாங்குகிற, காசு கம்மியாக உள்ள பிள்ளைகள் அப்படித்தான் இந்த உலகத்துக்குள் வந்தார்கள். பிளேஸ்டேஷன் 5 2025-இல், ஐந்து வயதில், 499-இலிருந்து 549.99-க்கு ஏறியிருந்தது. இதை முழுக்க வரியின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. சிப்பைச் சிறிதாக்கினால் செலவு பாதியாகும் என்ற காலம் போய்விட்டது; புதிய தலைமுறைச் சிப் தயாரிப்பு ஒவ்வொன்றும் முன்னதைவிட விலை அதிகம். ஆனால் கொஞ்சநஞ்சம் குறைக்க வழி இருந்திருந்தால், அந்த மிச்சத்தை வரி சாப்பிட்டுவிட்டது. ஏறாத விலைக்குள்ளும் வரி ஒளிந்திருக்க முடியும் என்பது இதுதான்.

வரி குறைந்தால் விலை ஏன் இறங்காது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வரி ஏறியபோது கம்பெனி ஒரு பகுதியைத் தானே விழுங்கியது. குறையும்போது முதலில் அந்த ஓட்டையைத்தான் அடைக்கும். 2025 நவம்பரில் சீனப் பொருள்களின் மேலான வரி 30-இலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தபோது விலைச்சீட்டு எதுவும் திருத்தப்படவில்லை. தவிர, அதே சமயத்தில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதால் அவற்றின் விலை வேறு ஏறத் தொடங்கியிருந்தது. வரிக்குறைப்பு கடைக்கு வருவதென்றால் பண்டிகைக் காலத் தள்ளுபடியாகவோ, ஒரு கேமை இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கும் பெட்டியாகவோதான் வரும். சீட்டில் உள்ள எண்ணை அதிகாரபூர்வமாகக் குறைத்தால் நேற்று வாங்கியவர் சண்டைக்கு வருவார், நாளை வரி ஏறினால் மறுபடி ஏற்றிக் கெட்ட பெயர் வாங்க வேண்டியிருக்கும்.

வாங்குவதா, காத்திருப்பதா என்று கேட்டால்: வரிச் செய்தியைப் பார்த்து அன்றைக்கே ஓட வேண்டாம், கிடங்கில் பழைய ஸ்டாக் இருக்கும் வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. வரி குறையும் என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். பழைய பெட்டி வாங்கலாம் என்றால் அதையும் சீக்கிரம் செய்யுங்கள். புதியதன் விலை ஏறிய சில வாரங்களில் பழையதை விற்பவரும் தன் விலையைத் திருத்திவிடுவார், அவர் சுங்கத்தில் ஒரு காசும் கட்டியிருக்க மாட்டார்.